அதிமதுரம் இல்லாத கஷாயம்: கொரியப் படங்களைத் தமிழாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

ஓடிடி தளங்களின் தமிழ்ப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும், அவர்களுக்காக டப்பிங்கும் சப்டைட்டிலும் செய்து தருவோருக்கும்,

வணக்கம்.

கொரியப் படங்கள் எந்த வழியாகத் தமிழுக்கு வருகின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கொரிய வசனம் முதலில் எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஆங்கில மாதிரி வரியாக (டெம்ப்ளேட்) ஆகிறது. அந்த ஆங்கிலம் தமிழாகிறது. அண்மையில் தமிழில் வந்த ஒரு படத்தில், தெருச்சண்டை நடுவே ஒரு நடுத்தர வயதுக்காரர் எதிராளியைப் பார்த்து "உன் வாயைக் கவனி" என்கிறார். எந்த ஊர்த் தெருவில் இப்படிச் சண்டை போடுகிறார்கள்? மூலத்தில் அவர் கேட்பது ஏறத்தாழ இதுதான்: "என்னை எப்போ பாத்த, வா போன்னு பேசறே?" நம் தெருவில் அன்றாடம் கேட்கிற கேள்வி. கொரியத்தில் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. நடுவில் வந்த ஆங்கிலத்தில்தான் இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். கொரியத்திலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள்.

நாயகனுக்கு இதனால் பெரிய சேதமில்லை. அவர் முகமும் சண்டையும் கண்ணீரும் எந்த மொழியிலும் செல்லும். அடி முழுக்க விழுவது நகைச்சுவைக் குணச்சித்திர நடிகர்கள் மேல். கொரியாவில் அவர்களை 'கம்ச்சோ' என்பார்கள். கம்ச்சோ என்றால் அதிமதுரம். அங்கே நாட்டு மருந்துக் கஷாயங்களில் பெரும்பாலும் அதிமதுரம் சேரும், அதுபோல எந்தப் படத்திலும் இவர்கள் இருப்பார்கள் என்பதால் வந்த பட்டம்.

அவர்களில் ஒருவரான யூ ஹே-ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் திரைக்கு வந்து, அடியாள், எடுபிடி வேடங்களில் உருண்டு புரண்டவர். 2005இல் 'தி கிங் அண்ட் தி க்ளவுன்' படத்தில் அரண்மனைக்குள் போகும் கூத்தாடிகளில் ஒருவர். அடுத்த ஆண்டு 'தாச்சா'வில் வாய் ஓயாத சீட்டாட்டக்காரர். 2016இல் அவரே நாயகனாக நடித்த 'லக்-கீ'யை ஏறக்குறைய 70 லட்சம் பேர் தியேட்டரில் பார்த்தார்கள். 2022இல் 'தி நைட் அவுல்' படத்தில் மன்னர் இஞ்சோ. கூத்தாடியாக அரண்மனைக்குள் நுழைந்தவர் அரியணை ஏற 17 ஆண்டுகள் ஆயின. 2024இல் 'எக்ஸ்ஹுமா'வில் பிணச்சடங்கு செய்பவர். அந்தப் படத்துக்கு 1 கோடியே 19 லட்சம் பேர் போனார்கள். இவ்வளவு தூரத்தையும் அவர் கடந்தது முகவெட்டால் அல்ல, பேச்சால். அந்தப் பேச்சைத்தான் நீங்கள் வழியிலேயே இறக்கிவிட்டு வருகிறீர்கள்.

எப்படி என்று சொல்கிறோம். கொரியத்தில் வினை கடைசியில் வரும், தமிழைப் போலவே. எதிர்மறையும் வினைக்குப் பின்னால் வரலாம். "அந்தப் பணத்தை நான் எடுக்க..." என்று இழுத்து, எதிராளியின் முகத்தைப் பார்த்து, கடைசி அசையில் "...ல" என்று முடிக்கலாம். நகைச்சுவை நடிகரின் சொத்தே அந்த இழுவைதான். ஆங்கிலத்தில் மறுப்பு முன்னால் வந்துவிடும். அதைப் பார்த்து எழுதிய தமிழ் வரி, நடிகர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே "நான் எடுக்கவில்லை" என்று திரையில் வந்து நிற்கிறது. சிரிப்பு அங்கேயே செத்துப்போகிறது. இதைச் சரிசெய்யச் செலவே இல்லை. வரியை இரண்டாக வெட்டி, இரண்டாவது துண்டை அந்தக் கடைசி அசை வரும் நேரத்தில் போட்டால் போதும்.

அடுத்தது மரியாதை. கொரியத்தில் வாக்கியத்தின் கடைசியில் 'யோ' சேர்ந்தால் பணிவு. நம் 'ங்க' மாதிரி. "போகலைங்க" என்று தொடங்கியவர் கோபத்தில் "போகல" என்று இறங்குவதே ஒரு நகைச்சுவை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுதான். 'ஹ்யங்' என்றால் ஆண் ஒருவர் மூத்த ஆணை அழைக்கும் சொல், நம் அண்ணே. ஆங்கில வரியில் பல நேரம் அதை எடுத்துவிட்டு ஆளின் பெயரைப் போடுகிறார்கள். அதைத் தமிழாக்குபவர் பெயரை அப்படியே எழுதி, கூடவே 'நீ' போடுகிறார். பத்து வயது மூத்தவரைப் பெயர் சொல்லி நீ வா என்று அழைக்கும் அடக்கமான தம்பி! இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது 'ப்ரோ'.

வட்டார வழக்கைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. ஆனாலும் ஒன்று. 'எ டாக்ஸி டிரைவர்' 1980 மே மாத க்வாங்ஜு படுகொலையைப் பற்றிய படம். அதில் யூ ஹே-ஜின் உள்ளூர் டாக்ஸி ஓட்டுநர். பேசுவது அந்த ஜொல்லா வட்டாரத்துக் கொரியம். தலைநகர் சியோலிலிருந்து வந்த இன்னொரு ஓட்டுநரைத் தன் வீட்டில் தங்கவைத்துச் சோறு போடுகிறவர். முதலில் சிரிக்கவைக்கும் அந்த வழக்கே பிறகு ஓர் ஊரின் குரலாகிறது. இதைப் பாடநூல் தமிழில் பேசவைத்தால் ஊர் காணாமல் போகும். அதற்காக வடிவேலு மாதிரிக் குரலை ஏற்றிவிட்டால் துக்கம் காணாமல் போகும். ஒரே ஒரு வட்டாரத்தின் தமிழை எடுத்து, அளவாக, தொடக்கம் முதல் கடைசிவரை மாறாமல் பிடிக்க வேண்டும்.

டப்பிங்குக்கும் ஒரு சொல். 'தி பைரேட்ஸ்' படத்தில், கடலையே பார்க்காத மலைக்கொள்ளையருக்கு யூ ஹே-ஜின் நீச்சல் மூச்சைச் சொல்லிக்கொடுப்பார்: "உம்... பா! உம்... பா!" அந்த வேடத்துக்கு 2014இல் கொரியத் திரைத்துறையின் கிராண்ட் பெல் துணை நடிகர் விருதும் கிடைத்தது. உதடு ஒட்டித் திறக்கும் அந்த ம-வும் ப-வும் நம்மிடம் இருக்கின்றன. 'மூச்சை இழு, விடு' என்று மொழிபெயர்க்க வேண்டாம். 'ஸ்பேஸ் ஸ்வீப்பர்ஸ்' படத்திலோ அவர் ரோபோ. திரையில் முகமே இல்லை, உடலசைவும் குரலும்தான். அதன் கொரியப் பெயர் 'அப்தொங்-இ', வாசலில் விட்டுச்செல்லப்பட்ட குழந்தையைக் குறிக்கும் சொல்லை ஒட்டியது. ஆங்கிலத்தில் அது 'பப்ஸ்' ஆனது. பேக்கரிக்காரருக்கு மகிழ்ச்சியாக இருக்கலாம்.

கொரிய ராமென், கிம்ச்சி, முகப்பூச்சு எல்லாம் நேராக வந்து இறங்குகின்றன. வசனம் மட்டும் ஏன் சுற்றிக்கொண்டு வர வேண்டும்? ஆள் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கி கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அந்தத் தொழிற்பேட்டைகளில் கொரியமும் தமிழும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்கள் வேலை பார்க்கிறார்கள். சென்னையில் இந்திய-கொரியப் பண்பாட்டு மையமான இன்கோ சென்டரில் கொரியம் கற்றுத்தருகிறார்கள். போல்ட் இறுக்கும் அளவைக் கூடக் கொரியத்திலிருந்து தமிழில் சொல்ல முடிகிற ஊரில், ஒரு நகைச்சுவை வசனத்தைச் சொல்ல ஆள் கிடைக்காதா?

கோபம் கொஞ்சம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறோம். மொழிபெயர்ப்பு தொடங்கும் முன் ஒரு பக்க அட்டவணை போடுங்கள்: யார் யாருக்கு மூத்தவர், யார் யாரை எப்படி அழைக்கிறார், பணிவுப் பேச்சு எந்த நிமிடத்தில் உடைகிறது. ஒரு நடிகருக்குப் படம்தோறும் ஒரே குரலைக் கொடுக்கப் பாருங்கள். அந்தக் குரல் யாருடையது என்று கடைசியில் பெயரும் போடுங்கள். டப்பிங் இருந்தாலும் கொரிய ஒலியோடு தமிழ் சப்டைட்டிலையும் தாருங்கள்.

எந்தப் படத்தில் தொடங்குவது என்று கேட்டால், 2019இல் வந்த 'மல்மொயி'யை எடுங்கள். ஜப்பானிய ஆட்சியில், தடையை மீறிக் கொரிய அகராதிக்குச் சொல் சேர்க்கும் கதை. எழுதப் படிக்கத் தெரியாதவராக வரும் யூ ஹே-ஜின், பல வட்டாரத்துச் சிறைக்கூட்டாளிகளைத் திரட்டிவந்து அவரவர் ஊர்ச் சொல்லைச் சொல்லவைப்பார். ஆங்கிலம் வழியாகப் போனால் அத்தனை பேரும் ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். கொரியத்திலிருந்தே செய்யுங்கள்.

இப்படிக்கு,
வசனம் கேட்டுச் சிரிக்க விரும்பும் தமிழ்ப் பார்வையாளர்கள்