உணவு உரிமைப் பணிக்கு வரவிருக்கும் பாளையங்கோட்டை மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

உணவு உரிமைக்காக உழைப்பதையே தொழிலாகக் கொள்ள நினைக்கிறீர்கள். மனம் நிறைகிறது. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்திருப்பீர்கள். ஆவணங்களை மக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்லும் 27ஆம் பிரிவையும், திட்டம் நடக்கும் விதத்தை மக்களே கூடிச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கை பற்றிய 28ஆம் பிரிவையும் கையோடு வைத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போங்கள்.

லாரி வரும் நாளில் போவது நல்லது. மூட்டைக்கு 50 கிலோ என்பது ஏட்டுக் கணக்கு. பத்து மூட்டையை நிறுத்து, சாக்கின் எடையைக் கழித்துப் பாருங்கள். மூட்டைக்கு 1 கிலோ குறைந்தாலும் 100 மூட்டைக்கு 100 கிலோ. மாதம் 20 கிலோ வாங்கும் ஐந்து அட்டைகளின் அரிசி அது. கிடங்கிலிருந்தே குறைந்து வந்தால் அந்தக் குறை கடைசியில் அட்டைதாரரின் பையில்தான் விழும். விற்பனையாளரை மட்டும் ஏசுவது நியாயமில்லை. எடையைக் குறித்து, அவரிடமும் லோடு கொண்டுவந்தவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். தராசில் அந்த ஆண்டின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் வேறொரு சிக்கல். பீடி சுற்றிச் சுற்றி விரல் நுனி வழுவழுத்துப் போன பெண்களின் ரேகையை மெஷின் ஏற்பதில்லை. கையைக் கழுவித் துடைத்து, அதிகம் உரசாத விரல்களை வைக்கச் சொல்லுங்கள். அதற்கும் சிக்கவில்லை என்றால் கருவிழிப் பதிவு, அதுவும் இல்லையென்றால் பதிவேட்டில் கையெழுத்து. ஆதார் சரிபார்ப்பு தோற்றதற்காக யாருக்கும் பொருளை மறுக்கக்கூடாது என்று மத்திய அரசு 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. "நாளைக்கு வாம்மா" என்று திருப்பி அனுப்பினால் அந்தப் பெண்ணுக்கு அன்றைய கூலியும் போகும். அந்த வார்த்தையைச் சகித்துக்கொள்ளாதீர்கள்.

வாங்காத பருப்புக்கு "வாங்கியதாக" குறுஞ்செய்தி வந்தால் அழிக்க விடாதீர்கள். அதுதான் சாட்சி.

2023 டிசம்பர் வெள்ளத்தை மறக்கவும் வேண்டாம். தாமிரபரணிக் கரையோரத் தாழ்வான கடைகளில் மூட்டைகள் தரையிலா, உயரமான மரச்சட்டத்திலா என்று ஐப்பசி பிறக்குமுன் பார்த்து எழுதிக் கொடுங்கள்.

மனுவில் உருக்கமான வரிகள் வேண்டாம். அட்டை எண், கடை எண், தேதி, பொருள், குறைந்த அளவு, இவ்வளவுதான். ஒரு மனுவுக்கு ஒரே குறை. இரண்டைச் சேர்த்தால் எளிதானதை முடித்துவிட்டு மற்றதைக் கிடப்பில் போடுவார்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாமில் முதலில் கொடுங்கள். நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம். எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

அன்புடன்,
நெல்லைச் சீமையில் இதே பணியில் இருப்பவர்கள்