பூட் கிழிந்தால் ஆக்ஸிலையே மாற்ற வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்பில் இப்போது அடிக்கடி கேட்கும் வார்த்தை, “ஆக்ஸில் போயிடுச்சு சார், மாத்திடலாம்.” அந்த வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆக்ஸில் என்பது கியர் பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு. அதன் ஜாயின்ட்டை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறைதான் பூட்.

என்னிடம் இருப்பது 2004 மாடல் மாருதி 800. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மெஷினையும் குனிந்து பார்க்காமல் நம்புகிற பழக்கம் இல்லை. போன மழைக்கு முன் சர்வீசுக்கு விட்டபோது இடது பக்க ஆக்ஸிலை மாற்றச் சொன்னார்கள். சத்தம் வருகிறதா என்றேன், இல்லை. ஆட்டம் இருக்கிறதா என்றேன், அதுவும் இல்லை. சக்கரப் பக்கத்து ரப்பர் பூட்டில் ஒரு மடிப்பு வெடித்திருந்தது, அவ்வளவுதான். வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்து, ஐ.டி.ஐ. படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனைத் துணைக்கு வைத்துக்கொண்டு பூட்டை மட்டும் மாற்றினேன். பூட் கிட்டுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆனது. ஆக்ஸிலுக்கு அவர்கள் சொன்னது பல ஆயிரம்.

அம்பாசடர், பத்மினி ஓட்டிய தலைமுறைக்கு இந்த பூட் பழக்கமில்லாத சாமான். அந்த வண்டிகளில் இழுவை பின்சக்கரத்துக்குப் போகும். முன்சக்கரம் திரும்புவதோடு சரி. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்கு அப்புறம்தான் முன்சக்கர இழுவை நம் ஊரில் பரவியது. அங்கே அதே சக்கரம் இழுக்கவும் வேண்டும், ஒடித்தால் திரும்பவும் வேண்டும். இரண்டு தண்டுகளை இணைக்கும் சாதாரண யுனிவர்சல் ஜாயின்ட்டைக் கோணத்தில் வைத்துச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் ஏறி இறங்கும். அந்த உதறல் இல்லாமல் சீராகச் சுற்றத்தான் சி.வி. (கான்ஸ்டன்ட் வெலாசிட்டி, அதாவது மாறாத வேக) ஜாயின்ட். ஆல்ஃபிரட் ஷெப்பா என்ற பொறியாளர் 1920-களில் காப்புரிமை வாங்கிய அமைப்பு அது. காடிகளுக்குள், அதாவது நீளவாக்கில் வெட்டிய பள்ளங்களுக்குள், ஆறு பால்ரஸ் குண்டுகள் உருளும். இதற்கு வெளியிலிருந்து கிரீஸ் ஏற்றும் நிப்பிள் கிடையாது, அம்பாசடருக்கு அடிப்பதுபோல கன் வைத்து அடிக்க முடியாது. உள்ளே ஒருமுறை வைத்த மாலிப்டினம் கிரீஸ்தான் கடைசிவரை. அது வெளியே போகாமல், மண்ணும் தண்ணீரும் உள்ளே வராமல் காப்பது அந்த ரப்பர் ஒன்றுதான்.

கிழிந்த பூட்டோடு கோவையில் ஒரு மழைக்காலம் ஓட்டினால், அதிலும் லங்கா கார்னர் சுரங்கப்பாலத்தில் நிற்கும் தண்ணீரில் இறங்கி ஏறினால், ஜாயின்ட்டுக்கு ஆயுசு அதிகமில்லை. அப்புறம் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வண்டியை எடுக்கும்போது ‘டக் டக்’ என்று அடிக்க ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் காடி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். புது பூட் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. அப்போது ஆக்ஸிலை மாற்றச் சொன்னால் அது நியாயம். பழைய கிரீஸை எடுத்து விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாலும் தெரியும். நறநறவென்று இருந்தால் மண் உள்ளே போயிருக்கிறது. என் வண்டியில் கிரீஸ் வழவழவென்றுதான் இருந்தது.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டிக்கியில் இருக்கும் ஜாக்கி டயர் மாற்றத்தான். அதை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. இரும்பு ஸ்டாண்டு இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம். சக்கரத்தின் நடுவில் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் பெரிய ஹப் நட்டை, ஒரு ஆள் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, சக்கரம் தரையில் இருக்கும்போதே இளக்கிவிட வேண்டும். கியர் ஆயிலை இறக்காமல் ஆக்ஸில் ஷாஃப்டைப் பிடுங்கினால் தரையெல்லாம் ஆயில். ஷாஃப்டின் நடுவைப் பிடித்து இழுக்கவும் கூடாது, கியர் பாக்ஸ் பக்கம் இருக்கும் உள்பக்க ஜாயின்ட் உள்ளேயே கழன்றுகொள்ளும். கியர் பாக்ஸ் ஓரத்தில் கடப்பாரை மாதிரி ஒன்றைக் கொடுத்துத்தான் நெம்ப வேண்டும்.

இந்த வண்டியில் சக்கரப் பக்க ஜாயின்ட்டைப் பிரிக்கக் கூடாது. ஆகவே உள்பக்க ஜாயின்ட்டில் சர்க்லிப் என்ற கவ்வு வளையத்தை எடுத்து, மூன்று உருளை உள்ள டிரைபாடை அடையாளம் போட்டுக் கழற்றி, அந்த வழியாகத்தான் வெளிப்பக்க பூட்டைக் கொண்டுபோக வேண்டும். கையோடு கையாக உள்பக்க பூட்டையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். கழுவ மண்ணெண்ணெய் இப்போது எங்கே கிடைக்கிறது, டீசலே போதும். ஆனால் சுத்தமாக உலர வேண்டும், புது ரப்பரில் படக் கூடாது. கிட்டில் வரும் கிரீஸ் முழுவதையும் வைத்து, சின்ன கிளாம்பை இறுக்கும் முன் பூட்டின் வாயில் மெல்லிய ஸ்க்ரூடிரைவரை விட்டு அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் பூட் உப்பிக்கொண்டோ சப்பிக்கொண்டோ நிற்கும். ஹப் நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது அந்தந்த வண்டியின் மேனுவலில் இருக்கும். இது கைக்கணக்கில் செய்கிற வேலை இல்லை.

சைக்கிள் டியூபைச் சுற்றி கேபிள் டை போட்டுவிடும் வைத்தியத்தையும் பார்த்திருக்கிறேன். கிரீஸ் பட்டால் சைக்கிள் டியூப் ஊறிப்போய்விடும். ஆக்ஸிலைக் கழற்றாமலே சுற்றி ஒட்டும் பிளந்த பூட்டும் ஊர் போய்ச் சேரத்தான் உதவும்.

மெக்கானிக்குகளையே குறை சொல்வதும் சரியில்லை. பூட் மாற்றினாலும் ஆக்ஸில் மாற்றினாலும் கழற்றி மாட்டும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பூட் என்றால் கூடவே கிரீஸில் கைவிட்டுக் கழுவும் வேலையும் சேரும். நாளைக்கு ஜாயின்ட் சத்தம் போட்டால் வாடிக்கையாளர் அவரிடம்தான் சண்டைக்கு வருவார். இதையெல்லாம் சொல்லி, இரண்டு விலையையும் முன்னால் வைத்துவிட்டு எது வேண்டும் என்று கேட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. வெடித்த ரப்பரைக் காட்டாமலே ‘ஆக்ஸில் போச்சு’ என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

15 வருடம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. அதையும் கட்டி வண்டியை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் புது வண்டிக்கு வசதி இல்லாதவர்கள். உங்கள் வாகனப் பக்கத்தில் வாராவாரம் புது மாடல்களின் திரை எத்தனை அங்குலம் என்று படிக்கிறோம். மாதம் ஒரு பத்தியாவது பழைய வண்டிக்கு ஒதுக்கக் கூடாதா? மழைக்கு முன் ஸ்டியரிங்கை ஒருபக்கம் முழுசாக ஒடித்துவைத்து, டார்ச் அடித்து பூட்டின் மடிப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ரிம்மின் உள்பக்கம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் அன்றைக்கே கவனிக்கச் சொல்லுங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பூட்டைத் தனியாக உருவிக் கொடுக்காமல் கிளாம்ப், கிரீஸ், சர்க்லிப்போடு கிட்டாகவே கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் ஃபிட்டர்,
சிங்காநல்லூர், கோவை.