மன்றத்தின் 2025–26 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, இளைஞர் அணித் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாகப் படிப்பகம், பொங்கல் விழா, வரவு செலவு எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் விளையாட்டுக்கு வருவேன். இந்த வருஷம் அதுவரை யாரும் பொறுக்கப் போவதில்லை என்று தெரியும். ஆகவே கால்பந்திலேயே தொடங்குகிறேன்.

2025 மே 24, சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு, கோயில் திடலில் பந்தல்காரரிடம் வாங்கிய வெள்ளைத் துணியைக் கட்டி, இங்கிலாந்தின் சாம்பியன்ஷிப் பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்தைத் திரையிட்டோம். புரொஜெக்டர் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி கொடுத்தது. வாடகை வாங்கவில்லை, சுண்டல் மட்டும் இரண்டு முறை வாங்கிக்கொண்டார்.

அது என்ன ஆட்டம் என்று அன்று பலர் கேட்டதால் இங்கே பதிவு செய்கிறேன். அந்த நாட்டுக் கால்பந்தின் உச்சப் பிரிவான பிரீமியர் லீக்குக்கு அடுத்த படிதான் சாம்பியன்ஷிப். அதில் 24 அணிகள், ஆளுக்கு 46 ஆட்டங்கள். முதல் இரண்டு அணிகள் நேராக மேலே போகும். அந்த வருஷ விதிப்படி மூன்று முதல் ஆறு வரை வந்த நான்கு அணிகள் தங்களுக்குள் மோதி, அதில் ஜெயிக்கிற ஒன்றுதான் மூன்றாவதாக ஏறும். இறுதி ஆட்டம் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில். ஜெயித்தால் குறைந்தது 20 கோடி பவுண்டு வருமானம் என்கிறார்கள். நம் கணக்கில் 2,200 கோடி ரூபாய்க்கு மேல். பொருளாளர் இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மோதியவை ஷெஃபீல்ட் யுனைடெட்டும் சண்டர்லாந்தும். ஷெஃபீல்ட் 90 புள்ளிகளோடு மூன்றாம் இடம். அதுவும் 2 புள்ளிகள் அபராதமாகக் கழிந்த பிறகு. சண்டர்லாந்து 76 புள்ளிகளோடு நான்காம் இடம். பதினான்கு புள்ளி வித்தியாசம் இருக்கிறவர்களை ஒரே கோட்டில் நிறுத்துவது என்ன நியாயம் என்று முதலில் கேட்டவர் நம் முன்னாள் தலைவர்தான். “மேல்மடைக்குத்தானய்யா முதல் தண்ணி, அப்புறம்தானே கடைமடை?” என்றார். அதற்குப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “நாம கடைமடைக்காரங்க பெரியப்பா, மறந்துட்டீங்களா?” அத்தோடு திடல் மொத்தமும் சண்டர்லாந்து பக்கம் சாய்ந்தது. அதுவரை அந்த ஊர் எங்கே இருக்கிறது என்றுகூட நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

25-ஆவது நிமிடம் கேம்ப்பெல் அடித்து ஷெஃபீல்ட் முந்தியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் உள்ளே போனது. வீடியோ நடுவர் பார்த்து, ஆஃப்சைடு, கோல் செல்லாது என்றுவிட்டார்கள். அங்கேதான் ஆட்டம் திரும்பியது என்பது என் கருத்து. 76-ஆவது நிமிடம் மயெண்டா சமன் செய்தார். தொண்ணூறு நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்காகச் சேர்த்த நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது இணையம் நின்று, துணியில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. 95-ஆவது நிமிடம் டாம் வாட்சன் என்ற பத்தொன்பது வயதுப் பையன் அடித்த கோலை நாம் பார்க்கவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் நம் உறுப்பினர் மகன் போனில் கத்தித்தான் தெரிந்தது. 2–1. எட்டு வருஷத்துக்குப் பிறகு சண்டர்லாந்து மேலே போனது.

இதெல்லாம் எதற்கு என்றால், அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அடுத்த மாதம் நடந்த சுற்றுவட்ட ஊர்களின் லீக் கூட்டத்தில், நம் இரண்டாம் பிரிவுக்கும் பிளே-ஆஃப் வேண்டும் என்று முன்மொழிந்தேன். முதல் அணி நேராக ஏறும். இரண்டு முதல் ஐந்து வரை வரும் அணிகள் மோதி ஒன்று ஏறும். ஏகமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவர் பெயர் கூட்டப் புத்தகத்தில் இருக்கிறது. மறுக்க வழியில்லை.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நம் அணி இரண்டாம் இடம். மார்ச் மாத இறுதி ஆட்டத்தில் எதிரே வந்தது ஐந்தாம் இடம். நம்மைவிட ஒன்பது புள்ளி குறைவு. பாதிக்கு 35 நிமிடம் என்று முழு நேரமும் ஆடி ஒரு கோலும் விழவில்லை. பெனால்ட்டியில் நம் கோல் கீப்பர் இரண்டைத் தடுத்தார். அவருக்கு மன்றத்தின் நன்றி. நம் பையன்கள் மூன்றைத் தவற விட்டார்கள். கடைசியை வானத்துக்கு அடித்தது என் அண்ணன் மகன் என்பதால் மேலே எழுதுவது முறையல்ல. கதிர் முற்றி அறுக்கப் போகிற அன்றைக்கு மழை பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. மே மாதம் ஷெஃபீல்ட்காரர்கள் முகத்தைத் திரையில் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதற்காக வருந்துகிறேன்.

பிளே-ஆஃபை ரத்து செய்ய லீக்கைக் கேட்க வேண்டும் என்று பன்னிரண்டு உறுப்பினர்கள் கையெழுத்திட்ட தீர்மானம் இன்றைய பொருள் நிரலில் இருக்கிறது. இங்கிலாந்தில் இந்த முறை 1987-இல் வந்தது. இத்தனை வருஷத்தில் ஷெஃபீல்ட் யுனைடெட் இதன் வழியாக ஒரு தடவைகூட ஏறியதில்லை. சண்டர்லாந்தும் லேசில் ஏறிவிடவில்லை. 1987-இல், கீழே இறங்காமல் தப்பவும் பிளே-ஆஃப் ஆட வேண்டியிருந்தபோது, அதில் தோற்று மூன்றாம் பிரிவுக்கு இறங்கினார்கள். 1998-இல் சார்ல்டனோடு 4–4 ஆடி, பெனால்ட்டியில் 7–6 என்று தோற்றார்கள். நடுவில் 1990-இல் இறுதி ஆட்டத்தில் ஸ்விண்டனிடம் தோற்றும் மேலே போனார்கள். ஸ்விண்டன் பணக் கணக்கில் தில்லுமுல்லு செய்தது தெரிந்து அதன் பதவி உயர்வைப் பறித்துவிட்டார்கள். நமக்கும் அப்படி ஒரு வழி உண்டா என்று உறுப்பினர் ஒருவர் எழுத்து மூலம் கேட்டிருக்கிறார். வென்ற ஊர்க்காரர்களின் கணக்குப் புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன். நம்முடையதைவிடச் சுத்தமாக இருக்கிறது.

என் ஓட்டு தீர்மானத்துக்கு எதிராகத்தான். முன்பெல்லாம் பாதி லீக் முடிந்ததுமே நடுவில் இருக்கும் அணிகள் ஆள் குறைந்து வரும், சில நாள் ஒன்பது பேரோடு. இந்த வருஷம் கடைசி வாரம் வரை எல்லா ஊரும் முழு அணியோடு வந்தது. இறுதி ஆட்டத்தன்று நின்ற கூட்டத்தை நம் திருவிழாக் கபடியில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு திருத்தம் கேட்கலாம்: அரையிறுதி இரண்டு ஆட்டமாக, இரண்டாவது மேலிடத்து அணியின் திடலில். அங்கேயும் அப்படித்தான். சமன் ஆனால் மேலிடத்து அணிக்கே வெற்றி என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. நாம் ஐந்தாவதாக வரும் வருஷமும் வரும்.

மற்றவை சுருக்கமாக. ஜூன் 12 மேட்டூர் திறந்ததும் எல்லோரும் குறுவையில் இறங்கிவிட்டதால் ஜூலை செயற்குழு ஆள் சேராமல் நடக்கவில்லை. நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழையில் திடலில் தண்ணீர் நின்றது. படிப்பகத்தின் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் நனைந்தன. பொங்கல் விளையாட்டு வழக்கம்போல நடந்தது, உறியடியில் வழக்கம்போலச் சண்டை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

புதிய பந்து ஒன்று வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதல் கோருகிறேன். அந்தக் கடைசிப் பெனால்ட்டிப் பந்து வறண்டு கிடந்த வாய்க்காலைத் தாண்டிக் காட்டுக் கருவையில் விழுந்தது. எடுத்துவிட்டோம், ஆனால் காற்று நிற்கவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்