பட்டியலில் விட்டுப்போன தேதிகள்

பாப்பா,

காட்டில் பார்த்த செடி, காளான், விலங்கு என்று நீ அனுப்பிய பட்டியலை முழுவதும் பார்த்துவிட்டேன். போனில் சொல்லலாம் என்றால் நீ மேல் கோதையாற்றில் இருக்கிறாயா, முண்டந்துறைக்கு இறங்கிவிட்டாயா என்றே தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வரும்போது படித்துக்கொள், படித்துவிட்டேன் என்று ஒரு வரியாவது போடு.

முதலில் பட்டியல். வெடிப்பலா மரத்தை இலவம் குடும்பம் என்றுதான் நான் படித்தேன், அத்தனை வருஷம் வகுப்பிலும் அப்படித்தான் நடத்தினேன். நீ செம்பருத்திக் குடும்பத்தில் வைத்திருக்கிறாய். இப்போது அதுதான் சரி, மாற்ற வேண்டாம். அது பூக்கிற நேரத்தில் சோலைமந்தியும் மலை அணிலும் பழந்தின்னி வௌவாலும் ஒரே மரத்தைத் தேடி வருவதைக் குறிப்பில் எழுதியிருக்கிறாய் பார், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. களக்காடு சரணாலயத்தையே 1976இல் சோலைமந்திக்காகத்தான் ஏற்படுத்தினார்கள். மந்தியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அது தின்கிற மரமும், அந்த மரத்தில் காய் பிடிக்க வைக்கிற உயிரும், கீழே விழுந்த கட்டையை மக்க வைக்கிற பூஞ்சையும் எல்லாம் அங்கே இருக்க வேண்டும். அவை இருக்கின்றனவா என்று ஒருவர் உட்கார்ந்து எழுதினால்தானே தெரியும்? அந்த ஒருவர் என் மகள் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உன் அப்பாவிடம் கேள், சொல்லுவார்.

செங்குறிஞ்சியில் மட்டும் கோட்டைவிட்டிருக்கிறாய். பூவும் காயும் ஒரே சேகரிப்பு எண்ணில் இருக்கின்றன. இரண்டும் ஒரே மரத்தில் ஒரே நேரத்தில் எடுத்ததா? இல்லையென்றால் தனித்தனி எண் போட வேண்டும். இதைச் சின்ன வயதிலேயே உனக்குச் சொல்லியிருக்கிறேன். பூவின் நிறத்தையும் பறித்த அன்றைக்கே எழுது, காய்ந்தபின் எல்லாம் ஒரே பழுப்புதான். மழையில் செடியை உலர்த்துகிற தாளை மாற்ற முடியாவிட்டால் செய்தித்தாளோடு சுற்றி ஆல்கஹால் ஊற்றிப் பாலிதீன் பையில் கட்டி வைத்துவிடு, கீழே வந்து நிதானமாக உலர்த்திக்கொள்ளலாம். கோயம்புத்தூரில் செடிகளை உலர்த்தி ஒட்டிவைத்த பழைய தாள்களை எடுத்துப் பார்க்கப் போனால் கையுறை போட்டுக்கொள். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கப் பாதரசக் குளோரைடில் நனைத்தெடுப்பார்கள், அந்த விஷம் கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம் ஒன்று. நவம்பர் பக்கங்களில் நடுவில் தேதிகள் விட்டுப்போயிருக்கின்றன. ஒரு பக்கம் வரைக்கும் சேகரித்தவர் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது, பிறகு ஒன்றுமே இல்லை, மறுபடி ஆரம்பிக்கிறபோது உன்னோடு வேலை பார்க்கிற தம்பியின் பெயர் இருக்கிறது. மழையாக இருக்கலாம். வடகிழக்குப் பருவமழை அந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும், மரம் விழுந்து ரோடு அடைபட்டிருக்கலாம், ஜீப் கிளம்பாமல் இருந்திருக்கலாம். ஆனால் மழை என்றால் அந்தத் தம்பிக்கும்தானே மழை.

கேமராவில் எதுவும் சிக்காத இரவுகளைக்கூட நீ விடாமல் எழுதியிருக்கிறாய். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நடந்தோம், என்ன தேடினோம், ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதினால்தான் பின்னால் வருகிறவருக்கு அந்த விலங்கு அங்கே இல்லையா, யாரும் போய்ப் பார்க்கவில்லையா என்று தெரியும். இதையெல்லாம் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அவ்வளவு ஒழுங்காக எழுதுகிற பெண் இந்த நாட்களை மட்டும் ஏன் வெறுமையாக விட்டாள் என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

சரி, காளான். பட்டியலில் அந்தப் பக்கங்களில்தான் நான் அதிக நேரம் இருந்தேன், ஏனென்றால் மற்றதை விட அதில்தான் பார்க்க யாருமில்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது, செடிகளுக்கு அதில் தனி அத்தியாயம் கிடைக்கவே 1991 ஆனது, பூஞ்சையை இன்னும் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. உலகத்தில் 22 லட்சத்திலிருந்து 38 லட்சம் வகைப் பூஞ்சைகள் இருக்கலாம் என்று 2017இல் ஒரு மதிப்பீடு வந்தது. பெயர் வைத்தவை ஒன்றரை லட்சத்தை ஒட்டித்தான். அப்படியானால் நீ மழைக்குப் பின் கட்டையிலிருந்து எடுக்கிற ஒவ்வொன்றும் யாரும் இதுவரை எழுதாததாக இருக்கலாம். கோங்கும் வெள்ளைக் குங்கிலியமும் வேரில் பூஞ்சையோடு சேர்ந்துதான் வளர்கின்றன, ஆகவே எந்த மரத்தின் அடியில் எடுத்தாய் என்பதை ஒருபோதும் விட்டுவிடாதே. நீ அனுப்பிய படங்களில் பாதி மேலிருந்து எடுத்தவை. குடையின் அடியில் உள்ள செவுள் மாதிரி மடிப்புகள் தெரியவில்லை என்றால் அந்தப் படம் அழகுக்குத்தான். கத்தியால் அடித்தண்டோடு தோண்டி எடு, மண்ணுக்குள் பை மாதிரி உறை இருக்கிறதா என்று பார், முகர்ந்து பார்த்து வாசனையை எழுது. பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாளில் குடையைக் கவிழ்த்து இரவெல்லாம் மூடிவைத்தால் உதிர்கிற வித்துத்தூளின் நிறம் தெரிந்துவிடும்.

ஆனால் இதற்கெல்லாம் நீ சருகில் முழங்கால் போட்டு உட்கார வேண்டும், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கை வைப்பதற்கு முன் குச்சியால் கிளறு. நம்மிடம் இருக்கிற பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்குக்குத்தான். மலையில் சருகுக்குள் சுருண்டு கிடக்கிற குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. அட்டைக் காலுறை போடுகிறாயா? அட்டை கடித்தால் ரத்தம்தான் போகும். அதைவிடப் பெரியது கண்ணில் படாத உண்ணிக் குஞ்சு. கடித்ததே தெரியாது. புல்லில் உட்காராதே, நனைந்த துணியைப் புல்லின் மேல் காயப்போடாதே, முகாமுக்கு வந்ததும் குளித்து உடுப்பை மாற்றிவிட்டு அப்புறம் குறிப்பேட்டைத் திற.

அதனால் வருகிற உண்ணிக் காய்ச்சல் கடித்த அன்றைக்கு வராது பாப்பா. ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் அதற்கும் மேலே கழித்து வரும். மலேரியாவா, டைபாய்டா, டெங்குவா என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். இடுப்புப் பட்டை இறுகுகிற இடம், அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இங்கெல்லாம் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது, நீயாகத் தேடினால்தான் தெரியும். எல்லோருக்கும் அது வருவதும் இல்லை, அதனால் பொருக்கு இல்லை என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதே. காட்டில் வேலை செய்கிறேன் என்று டாக்டரிடம் நீயே முதலில் சொல்ல வேண்டும், அவர்களாகக் கேட்க மாட்டார்கள். டாக்ஸிசைக்ளின் மருந்தை ஆரம்பத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தள்ளிப்போட்டால் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். சித்தப்பா விஷயத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், அதை இங்கே நான் எழுதவில்லை.

உன் அண்ணன் நேற்று பேசினான். நன்றாகத்தான் இருக்கிறாள் என்று சொன்னான். நான் ஒன்றுமே கேட்காதபோது அவனாக ஏன் அதைச் சொல்ல வேண்டும்?

வீட்டுச் செய்தி நிறைய இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன். அத்தைக்கு மட்டும் ஒரு போன் போட்டுவிடு, எதற்கென்று உனக்கே தெரியும்.

காணிப் பழங்குடிப் பெரியவர் சொன்ன பெயர்களைத் தனிப் பத்தியாகப் போட்டிருக்கிறாய், நல்லது. ஆனால் யார் சொன்னது, எந்தக் குடியிருப்பு, எழுதிக்கொள்ள அவர் சம்மதித்தாரா என்பதையும் சேர். 1987இல் அகத்தியமலையில் கேரளப் பக்கத்துக் காணிகள் வழிகாட்டிகளாகப் போனபோது களைப்புக்கு ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காயைத் தின்றார்கள், அதைப் பார்த்த ஆய்வாளர்கள் அதிலிருந்து மருந்தே செய்தார்கள், அதில் கிடைத்ததில் காணிகளுக்கும் பங்கு என்று பிறகு ஏற்பாடானது. இப்படிப் பங்கு தரச் சொல்கிற பல்லுயிர்ச் சட்டமும் 2002இல் வந்துவிட்டது. பெயர் சொல்லிக்கொடுத்தவருக்கு அந்த மரியாதை உன் பட்டியலில் இருந்தே ஆரம்பிக்கட்டும். அந்த மஞ்சள் ஆர்க்கிட் இருக்கிற இடத்தின் ஜிபிஎஸ் எண்ணை வெளியே போகிற பிரதியிலிருந்து எடுத்துவிடு. பூ ஆசையில் வேரோடு பிடுங்குகிறவர்களால்தான் அது காட்டில் இவ்வளவு அருகிப்போனது, நாமே வழி காட்டக் கூடாது.

எவ்வளவு பொறுப்பான வேலை உன்னுடையது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. விட்டுவிட்டு வா என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோதும் சொல்லவில்லை. ஆனால் உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால் அம்மா கூப்பிட்டுவிடுவாள் என்று நினைத்து மறைக்கிறாய் என்றால், அது எனக்கு வலிக்கிறது. நான் கூப்பிட மாட்டேன். நான் வருவேன், வந்து முகாமுக்குக் கீழே எங்காவது தங்கிக்கொண்டு உன் தாள்களுக்கு எண் ஒட்டிக்கொடுப்பேன், அவ்வளவுதான்.

அந்த நவம்பர் நாட்களில் என்ன ஆனது என்று எழுது. காய்ச்சல் என்றால் எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எவ்வளவு டிகிரி, என்ன மாத்திரை, எத்தனை நாள் சாப்பிட்டாய், இப்போது எவ்வளவு இருக்கிறது, எல்லாவற்றையும் நேரத்தோடு எழுது. காய்ச்சல் இல்லையென்றால் இல்லை என்று எழுது.

அம்மா