ஐஸ் கம்பெனியில் கேட்ட 'பி' பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் ராக் இசைக்குழு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அந்தப் பெயரைத் தமிழ்ப் பத்திரிகையில் அச்சில் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. வெட்டி எடுத்து பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். முதலில் அதற்கு நன்றி.

ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1967-ல் வந்த முதல் ஆல்பம்தான் உச்சம், ஜான் கேல் விலகிய பிறகு வந்ததெல்லாம் மிச்சம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த மிச்சத்துக்குள் 1969-ல் வந்த மூன்றாவது ஆல்பமும் போய்விடுகிறது. அவர்கள் செய்ததிலேயே சிறந்தது அதுதான் என்று நான் நம்புகிறேன். அதை எப்படிக் கண்டுகொண்டேன் என்று சொல்ல கொஞ்சம் இடம் கொடுங்கள்.

எனக்கு 61 வயது. சொந்த ஊர் பாம்பன். 1986 முதல் ஐஸ் கம்பெனியில் ஆபரேட்டர். பெரும்பாலும் இரவு ஷிப்டு. எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். முந்தின இரவே ஐஸ் பார்களை கேனிலிருந்து கழற்றி, மெஷினில் போட்டு உடைத்து, வண்டியில் ஏற்றிவிட வேண்டும். கம்ப்ரசர் நிற்கவே கூடாது. நின்றால் உப்புநீர்த் தொட்டியின் குளிர் இறங்கிவிடும், அடுத்த லோடு கெட்டுவிடும். அந்தச் சத்தத்துக்குள்தான் முப்பது வருடம் வேலை பார்த்தேன்.

1991-ல் பெரியப்பா மகன் கப்பல் வேலையிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு 90 நிமிட கேசட் கொடுத்தார். உடன் வேலை பார்த்த யாரோ பதிவு செய்து கொடுத்ததாம். பால்பாயிண்ட் பேனாவில் குழுவின் பெயர் மட்டும் எழுதியிருந்தது. 'ஏ' பக்கத்தில் 1968-ல் வந்த இரண்டாவது ஆல்பம், 'ஒயிட் லைட் ஒயிட் ஹீட்'. 'பி' பக்கத்தில் மூன்றாவது. இரண்டும் பக்கத்துக்கு 45 நிமிடத்துக்குள் அடங்கிவிடும். கம்பெனியில் ஒரு பழைய டூ இன் ஒன் இருந்தது, ஒரே ஸ்பீக்கர். அதில்தான் போட்டேன்.

'ஏ' பக்கம் முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டது. அதன் கடைசியில் 'சிஸ்டர் ரே' என்று 17 நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு பாட்டு. ஒரே டேக்கில் பதிவு செய்தது. பேஸ் கிதார் கிடையாது. கேல் ஆர்கனில் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்கள் அவரை அமுக்கப் பார்க்கிறார்கள், அவர் இவர்களை அமுக்கப் பார்க்கிறார். கம்ப்ரசர் சத்தத்தைத் தாண்டி எனக்குக் கேட்ட ஒரே சங்கீதம் அதுதான். தாண்டி என்றுகூடச் சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்தே போகும்.

அது ஏன் அப்படி என்று பல வருடம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். கேல் இந்தக் குழுவுக்கு வருமுன் நியூயார்க்கில் லா மாண்ட் யங் என்பவரோடு ஒரே சுரத்தை மணிக்கணக்கில் நீட்டி வாசித்துப் பழகியவர். அந்த யங், நம் நாட்டு இசையை ரெக்கார்டில் கேட்டு, தம்புராவின் சுருதியில் மயங்கியவர். அவர்கள் சுருதி சேர்த்தது எதை வைத்துத் தெரியுமா? மின்சாரத்தின் 'ம்ம்ம்' என்ற இரைச்சலை வைத்து. ஃப்ரிட்ஜில் கேட்கிறதே, அதுதான். அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. கொஞ்சம் கீழே, அவ்வளவுதான் வித்தியாசம். தம்புராவில் கிளம்பி, நியூயார்க் ஃப்ரிட்ஜுக்குள் புகுந்து, பாம்பன் ஐஸ் கம்பெனிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

'பி' பக்கத்தைப் பத்து வருடம் நான் கேட்டதே இல்லை. போட்டுப் பார்த்தேன், கம்ப்ரசர் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. ரிக்கார்டிங் சரியில்லை என்று முடிவு கட்டி மறுபடி 'ஏ' பக்கத்துக்கே திருப்பிவிடுவேன்.

பிறகு மீன்பிடித் தடைக்காலம் வந்தது. இப்போது ஏப்ரல் 15 முதல் 61 நாள், அப்போது 45 நாள்தான். படகெல்லாம் கரையில் ஏறிவிட்டால் ஐஸ் யாருக்கு வேண்டும்? கம்ப்ரசரை நிறுத்திவிட்டு வால்வுகளைக் கழற்றிச் சுத்தம் செய்வோம். 2002 மே மாதம், ஒரு மத்தியானம். தனியாக கேஸ்கெட் வெட்டிக்கொண்டிருந்தேன். சும்மா பேச்சுத் துணைக்குப் போடுவது மாதிரி கேசட்டைத் தள்ளினேன். 'பி' பக்கம் மேலே இருந்திருக்கிறது.

ஒருவர் காதுக்குப் பக்கத்தில் வந்து பாடினார். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு கிதார், ஒன்று விட்ட இடத்தை மற்றது எடுக்கிறது. டிரம்ஸ் தட்டுகிறார்களா தடவுகிறார்களா என்று தெரியவில்லை. அதே ஆட்கள்தான்! கேலுக்குப் பதில் டக் யூல் என்ற இளைஞர் வந்திருந்தார், காதுக்குள் கேட்ட முதல் குரல் அவருடையதுதான். மற்ற மூன்று பேரும் 'சிஸ்டர் ரே'யில் ஒருவரை ஒருவர் அமுக்கிய அதே மூன்று பேர். பத்து வருடமாக என் பாக்கெட்டிலேயே இருந்த பாட்டு, சத்தம் நின்ற அன்றைக்குத்தான் கேட்டது.

இங்கே எங்கள் சண்டையைச் சொல்ல வேண்டும். நாங்கள் மூன்று பேர். என் தங்கை மகன் தங்கச்சிமடத்தில் கோயில் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறான். அவன் இரண்டாவது ஆல்பத்தின் ஆள். கீழக்கரையில் செல்போன் கடை வைத்திருக்கும் காக்கா (அங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம்) ஒருவர் இருக்கிறார், துபாயில் இருபது வருடம் இருந்தவர், 1970-ல் வந்த நான்காவது ஆல்பம் 'லோடட்' தவிர மற்றதை ஏற்கமாட்டார். பாட்டு என்றால் கூடப் பாட வரவேண்டும் என்பது அவர் கட்சி. சரி, நல்ல பாட்டுகள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குழுவின் டிரம்ஸ் கலைஞர் மோரீன் டக்கர் பிரசவத்துக்காக அதில் வாசிக்கவில்லை. வேறு நாலு பேர் டிரம்ஸ் வாசித்து நிரப்பியிருக்கிறார்கள். அவர் இல்லாத ஆல்பத்தை அந்தக் குழுவின் சிறந்த ஆல்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதற்கு மட்டும் காக்கா பதில் சொல்லாமல் டீ சொல்லிவிடுவார்.

டக்கர் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அது எனக்கு வருத்தம். முதல் ஆல்பத்துக்கு வாழைப்பழ அட்டை வரைந்த ஓவியர் ஆண்டி வார்ஹோலுக்கு மூன்று பத்தி. தோலை உரிக்கலாம், உள்ளே இளஞ்சிவப்புப் பழம் இருக்கும் என்பதெல்லாம் சுவையான செய்திதான். ஆனால் அந்த முதல் ஆல்பத்துக்கு நடையைக் கொடுத்தது டக்கர். நின்றுகொண்டே வாசிப்பார். பேஸ் டிரம்மைக் கவிழ்த்து வைத்து, பஞ்சுத்தலைக் குச்சியால் அடிப்பார். சிம்பலைத் தொடுவதே அபூர்வம். முதல் ஆல்பத்தின் ஒரு நீண்ட பாட்டில் நடுவே டிரம்ஸ் சட்டென்று நின்றுபோகும். மற்றவர்கள் போட்ட சத்தத்தில் தனக்கு ஒன்றும் கேட்காததால் நிறுத்திவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் நிறுத்தவில்லை. அவரும் கொஞ்சம் பொறுத்துச் சேர்ந்துகொண்டார். ஆல்பத்தில் அது அப்படியே இருக்கிறது.

அதே பெண், மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டைப் பாடுகிறார். 'ஆஃப்டர் அவர்ஸ்', இரண்டு நிமிடம். குழுவின் முதன்மைப் பாடகர் லூ ரீட் எழுதியது. இவ்வளவு வெள்ளந்தியான பாட்டைத் தான் பாடினால் யார் நம்புவார்கள் என்று அவர் டக்கரிடம் கொடுத்தார். பாடகி இல்லை, பயிற்சி இல்லை. மூச்சு வாங்குவது தெரிகிறது, மேலே போகும்போது குரல் ஒல்லியாகிவிடுகிறது. திருவிழா முடிந்து பந்தல் பிரித்த பிறகு ஒரு பிள்ளை தனியாகப் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும். சத்தத்தால் பேர் வாங்கிய ஒரு குழு, டிரம்ஸ் அடிக்கும் பெண்ணை முன்னால் நிறுத்தி, டிரம்ஸே இல்லாமல் பாட வைத்தது. இந்தத் துணிச்சல் முதல் ஆல்பத்தில் எங்கே இருக்கிறது என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

இதில் 'ஜீசஸ்' என்று ஒரு பாட்டும் உண்டு. யூதக் குடும்பத்தில் பிறந்த ரீட் எழுதிய மன்றாட்டு. நாலைந்து வரிதான், திரும்பத் திரும்ப வரும். அதை வீட்டில் போட்டபோது என் மனைவி அடுப்படியிலிருந்து, "இது எந்தக் கோயில் பாட்டு?" என்று கேட்டாள்.

குறையும் சொல்கிறேன். ஒன்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் ஒரு பாட்டு இதில் உண்டு. இரண்டு குரல் ஒரே நேரத்தில் வெவ்வேறு வார்த்தைகளைப் பேசும். ஒற்றை ஸ்பீக்கரில் அது வெறும் சந்தை இரைச்சல். நான் எப்போதும் ஓட்டிவிடுவேன். மருமகன் காதில் இயர்போனை மாட்டிவிட்ட பிறகுதான் இடது காதில் ஒரு கதை, வலது காதில் வேறு கதை என்று புரிந்தது. புரிந்தும் பிடிக்கவில்லை.

மருமகன் இன்னொன்றும் காட்டினான். இந்த ஆல்பத்துக்கு இரண்டு ஒலிக்கலவை இருக்கிறதாம். ரீட் தானே செய்த கலவையில் அவர் குரல் முன்னால் வந்து நிற்கும். அலமாரிக்குள் பதிவு செய்தது போல இருக்கிறது என்று சொல்லி அதற்குப் பெயர் வைத்தவர் கிதார் வாசித்த ஸ்டெர்லிங் மாரிசன். நானும் மாரிசன் பக்கம்தான். என் கேசட்டில் இருப்பது மற்றது, அதில்தான் அவர் கிதார் தெளிவாக விழுகிறது.

மாரிசன் பற்றியும் கட்டுரையில் இல்லை. 1971-ல் குழுவை விட்டு டெக்சாஸ் போனார். பழைய ஆங்கிலக் கவிதையில் ஆராய்ச்சி செய்து 1986-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதோடு ஹூஸ்டன் துறைமுகக் கால்வாயில் இழுவைக் கப்பலில் சாதாரண ஆளாகச் சேர்ந்து, கேப்டன் வரை உயர்ந்தார். 1995-ல், 53 வயது முடிந்த மறுநாள் இறந்துபோனார்.

பாம்பன் ரயில் பாலம் கப்பலுக்கு வழிவிட்டுத் திறக்கும்போது ரோட்டுப் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இழுவைக் கப்பல் தெரியும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய பார்ஜை வடத்தில் கட்டி, வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவில் அந்தச் சின்ன இடைவெளியில் நீரோட்டம் பார்த்துக் கொண்டுபோகும். வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லாம் பார்ஜைத்தான் பார்ப்பார்கள். மூன்றாவது ஆல்பத்தில் ரீட் பாடும்போது பின்னால் மாரிசன் கிதார் போகிற போக்கு எனக்கு அதேதான். அவர் அந்த வேலைக்குப் போனது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

முதல் ஆல்பத்தை நான் குறைத்துப் பேசவில்லை. வெளிவந்தபோது அமெரிக்கப் பட்டியலில் 171-ம் இடத்துக்கு மேல் போகவில்லை. அப்படி யாரும் வாங்காத ஒன்றிலிருந்து அத்தனை குழுக்கள் பிறந்தன, அந்தப் பெருமை அதற்கு உண்டு. மூன்றாவது வெளிவந்தபோது அந்தப் பட்டியலில் ஏறவே இல்லை. ஆனால் பிறருக்கு வழி காட்டியதும் அவர்களுக்கே கைகூடியதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா? முதல் ஆல்பத்தில் கேலும் ரீட்டும், அதில் பாடிய நிக்கோ என்ற பாடகியும் தனித்தனியாகப் பெரிய ஆட்கள். நாலு பேரும் ஒருவரை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டு வாசித்தது மூன்றாவதில்தான்.

மருமகன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "மாமா, அது படுக்குறதுக்கு முன்னாடி கேக்குற பாட்டு" என்கிறான். ஆனாலும் போன தவக்காலத்தில் சிலுவைப்பாதைப் பாட்டுக்குச் சிம்பலைக் கழற்றி வைத்துவிட்டு, நின்றுகொண்டே பஞ்சுக்குச்சியால் வாசித்தான். பீடத்துக்குப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தான். நான் எதுவும் கேட்கவில்லை.

கட்டுரையாளருக்கு ஒரு அழைப்பு. இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் தடைக்காலத்தில் வரச் சொல்லுங்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனால் சாவி வாங்கிக்கொள்ளலாம். டூ இன் ஒன் இன்னும் ஓடுகிறது. கேசட்டின் 'ஏ' பக்கம் தேய்ந்துபோய் இழுக்கிறது. 'பி' பக்கம் நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐஸ் கம்பெனி ஆபரேட்டர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.