சுங்கை சிப்புட்டிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளிக்கு நீ எழுதியதற்குப் பொங்கல் கழிந்தும் பதில் போடாதது என் தப்புதான். மூத்தவனுக்கு டியூஷன் டீச்சர் தேடியே நாள் ஓடிவிட்டது.

இங்கே மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு சரி. அதற்குமேல் மலாயில்தான் பாடம். மலாய் தேறாத பிள்ளைகளைப் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் வைத்துவிட்டுத்தான் படிவம் ஒன்றுக்கு, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்புக்கு, அனுப்புவார்கள். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதுகிற யு.பி.எஸ்.ஆர். பரீட்சையையும் 2021-இல் எடுத்துவிட்டார்கள். பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்று நமக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. கணக்கில் அவன் புலி. மலாய்தான் இடிக்கிறது.

முதலில் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் சேர்த்தோம். ஒரே அறையில் முப்பது பிள்ளைகள். பலகையில் விடையை எழுதிப் போடுவார்கள், இவன் பார்த்து எழுதி வருவான். நோட்டில் எல்லாம் சரி, வீட்டில் கேட்டால் முழிப்பான். நிறுத்திவிட்டோம்.

எதிர் வீட்டு மலாய்க்கார அம்மாவைப் பற்றி எழுதினேனே, ஒன்பது பூனை வளர்க்கிறவர். அவர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்! அவரிடமே இவனை மலாய் படிக்க அனுப்பிப் பார்த்தேன். முதல் நாள் நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன். மலாயை ஆங்கில எழுத்தில்தானே எழுதுவார்கள், இவன் ‘மெதுலிஸ்’ (metulis) என்று எழுதினான். அந்த அம்மா ஏசவில்லை. அவன் கையிலேயே ரப்பரைக் கொடுத்து, ‘டி’ (t) எழுத்தை அழித்து ‘என்’ (n) போடச் சொன்னார். ‘துலிஸ்’ என்றால் எழுது; முன்னால் ‘மெ’ சேர்ந்தால் ‘மெனுலிஸ்’ ஆகிவிடுமாம். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகிற மாதிரிதான்டா என்றேன். பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வாரம் இரண்டு நாள், மாதம் 60 வெள்ளி (ரிங்கிட்).

நம் அம்மாவுக்கு இந்த மாதம் மட்டும் பணம் கொஞ்சம் குறைத்து அனுப்பியிருக்கிறேன். வேறொன்றும் இல்லை.

அவன் படித்து வரும்வரை வாசலில் நிற்பேன். செம்பனைக்குலை லாரி ஒன்று போகும், அப்புறம் ஒரு சத்தமும் இருக்காது. திண்ணையில் அப்பா வாய்ப்பாடு கேட்பாரே, பதினாறாம் வாய்ப்பாட்டில் நான் திணறும்போது நீ முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவாயே. உன் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் போலிருக்கிறது அக்கா.

சரி, அம்மாவின் கண் ஆபரேஷனை வெயிலுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். கிணற்று வயல் பத்திரத்தை அத்தான் ஒருமுறை முழுதாகப் படிக்கட்டும். அதற்குப் பிறகுதான் நான் கையெழுத்துப் போடுவேன் என்று சித்தப்பாவிடம் பக்குவமாகச் சொல்.

உன் தங்கை