கோங் வீட்டு அடுப்பங்கரைக்கு நன்றி

அப்பா நேற்று தானாக எழுந்து உட்கார்ந்து, சட்னியில் உப்பு பத்தவில்லை என்று சொன்னார். அந்தச் சந்தோஷத்தோடு இதை எழுதுகிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஒன்பது நாள் எப்படிப் போனது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ரத்தம் கொடுத்தவர்கள், ஷில்லாங்கிலிருந்து குவாஹாட்டிக்கு 100 கிலோமீட்டர் மலைப்பாதையில் நடுராத்திரி வண்டி ஓட்டிய தம்பி, என் மேசை வேலையையும் சேர்த்துப் பார்த்த அலுவலகத் தோழர்கள், திருநெல்வேலியிலிருந்து தினமும் போன் செய்த சொந்தங்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியாக வேண்டும். இங்கே ஷில்லாங்கில் மூத்த பெண்களை 'கோங்' என்று கூப்பிடுவார்கள், நாம் அக்கா என்பது மாதிரி.

மாற்றல் வந்ததும் குளிரைப் பற்றி எல்லோரும் எச்சரித்தார்கள். ஸ்வெட்டரும் கம்பளியுமாக வந்து இறங்கினோம். டிசம்பரில் நாலரை மணிக்கே பொழுது சாய்வதும், ஞாயிற்றுக்கிழமை ஊரே கடையடைத்துவிட்டு சர்ச்சுக்குப் போவதும் வந்த பிறகு பழகிவிட்டது. இட்லி மாவு புளிக்காது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. 1500 மீட்டர் உயரம், அதிலும் ஜனவரி. ராத்திரி கரைத்து வைத்த மாவு மறுநாள் சாயங்காலமும் வைத்தது வைத்தபடி கிடக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அப்பாவுக்குத் தொண்டையில் வேறெதுவும் இறங்கவில்லை, இட்லிதான் கேட்டார். இரண்டாம் தடவையும் மாவு பொங்காத அன்று, பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கோங் இறங்கி வந்தார். இரண்டு பேருக்கும் அரைகுறை இந்திதான். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, "துங்ரிம்பாய்?" என்றார். சோயாவை வேகவைத்து, இலை விரித்த கூடையில் மூடி, அடுப்போரம் மூன்று நாலு நாள் வைத்துப் புளிக்கவிட்டு துங்ரிம்பாய் செய்வது இந்த மலையில் வாழும் காசி (Khasi) பழங்குடி மக்களின் பழக்கம். ஆமாம், அது மாதிரிதான் என்று தலையாட்டினேன். பாத்திரத்தைத் தன் சால்வையில் சுற்றி மேலே எடுத்துப்போய்விட்டார்.

விடியற்காலையில் கதவு தட்டும் சத்தம். பார்த்தால் கோங். மாவு பொங்கி, மூடியைத் தள்ளி, சால்வை முழுக்க வழிந்திருந்தது. அடுப்புக் கணப்பு ஒரே பக்கம் படக்கூடாது என்று ராத்திரி இரண்டு தடவை எழுந்து பாத்திரத்தைத் திருப்பி வைத்தாராம். அன்றைக்கு அப்பா மூன்று இட்லி சாப்பிட்டார். அன்றிலிருந்து இரண்டு நாளுக்கு ஒரு தடவை எங்கள் மாவு அவர் வீட்டில்தான் தூங்குகிறது.

நம் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு அடுத்து யார் மாற்றலாகி வந்தாலும் சரி, அவர்கள் பெட்டியைப் பிரிப்பதற்குள் புளித்த மாவோடு அந்த வாசலில் நிற்பேன். இது நான் எனக்கே கொடுத்த வாக்கு.

கோங், குப்லேய். உங்கள் மொழியில் நன்றிக்கு எனக்குத் தெரிந்த ஒரே சொல் இதுதான். சால்வையை இரண்டு தண்ணீரில் அலசிவிட்டேன், வெயில் வந்ததும் காயவைத்துக் கொண்டுவந்து தருகிறேன்.